சினை பார்க்கிற கை

"எல்லாம் ரோஸாத் தெரியுதுங்க மேடம்," என்றார் நாச்சிமுத்து. "ரோஸும் ஊதாவும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியலீங்க."

ஹெப்சிபா மேடம் ரெக்கார்டு நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அந்தக் கடிகாரத்துல மணி என்ன?"

"பத்தேகால்ங்க."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. போய்ப் பாருங்க."

அவ்வளவுதான் பதில். நாச்சிமுத்து திரும்பிப் போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார். ரோஸும் ஊதாவும் அங்கேயே இருந்தன.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை குழம்பிக்கொண்டிருப்பீர்கள். இந்தக் கதையில் சிஷ்யருக்கு வயது முப்பத்தெட்டு. குருவுக்கு இருபத்தொன்பது. நீண்ட தாடியும் கமண்டலமும் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நம்முடைய குரு காட்டன் புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு போட்டவர், ஸ்கூட்டரில் வந்து போகிறவர்.

சிஷ்யர் தாராபுரம் பக்கத்துக்காரர். பால் சொசைட்டியில் பதினாலு வருஷம் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டவர். ஊசி போட்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போவார், அவசரக்காரர் கூப்பிட்டால் ஒரே மாதத்திலும் போவார். தோள்வரை உறை மாட்டிக்கொண்டு, மாட்டின் பின்னால் நின்று கையை உள்ளே விடுவார். கண் எங்கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டில் ஒரு வார்த்தை வரும்.

"சினை நின்னிருச்சுங்க."

அல்லது, "நிக்கலீங்க."

அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நாச்சிமுத்து சொன்னால் சொன்னதுதான். சுற்றுவட்டாரத்தில் அந்தக் கைக்கு அப்படி ஒரு பேர்.

அந்த மனிதருக்குத்தான் மாட்டு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை வந்தது. வந்த ஆசை போகவும் இல்லை. தனியாக உட்கார்ந்து பிளஸ் டூ எழுதினார். களப் பணியில் இருப்பவர்களுக்கென்று அந்தக் கல்லூரியில் ஒதுக்கியிருந்த ஒரே ஒரு இடம் அவருக்குக் கிடைத்தது. வேலையை விட்டார். பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு போய் முதல் வருஷத்தில் உட்கார்ந்தார். நல்ல பிள்ளைகள் அண்ணா என்றார்கள், வாலுகள் பெரியப்பா என்றார்கள். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மற்ற பாடமெல்லாம் எப்படியோ ஒப்பேறியது. ஒன்று மட்டும் கழுத்தைப் பிடித்தது. திசுவும் கருவும் படிக்கிற பாடம். ஈரலோ குடலோ ஒரு துண்டு எடுத்து, தலைமுடியைவிட மெலிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டி வைத்திருப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்து இது இன்ன உறுப்பு என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் சொன்னார்கள். நாச்சிமுத்துவுக்கு ஈரலும் ரோஸ், குடலும் ரோஸ்.

இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவையும் போனால் பேரை அடித்துவிடுவார்கள், அது கல்லூரி விதி. ஊரில் அவர் விட்ட வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. திரும்பிப் போனால் டாக்டரும் இல்லை, ஊசிக்காரரும் இல்லை. வீட்டில் சாரதாமணி வேறு, எங்க வீட்டுக்காரர் டாக்டருக்குப் படிக்கிறார் என்று அண்ணன் வீட்டு விசேஷத்தில் எல்லோர் காதிலும் போட்டு வைத்திருந்தாள். அதை நினைத்தால் நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்காது.

*

தேர்வு நடக்கிற விதம் இது. இருபது மைக்ராஸ்கோப்பை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்லைடு. ஒரு நிமிஷம் பார்த்து, உறுப்பின் பேரையும் இரண்டு காரணத்தையும் எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்ததற்கு நகர வேண்டும்.

மூன்றாவது தடவைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, கடைசி வருஷ மாணவன் ஒருவன் அவரை மரத்தடிக்குக் கூப்பிட்டு ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தான். வெளியே மூச்சுவிடக் கூடாது என்றான். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிற சொத்தாம்.

துறையில் இருந்ததே நாற்பது ஸ்லைடுதான். மரப்பெட்டி ஸ்லைடுகள். பார்க்கிற பிள்ளைகளைவிட அவற்றுக்கு வயது அதிகம். எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு பழுது இருந்தது. அந்தப் பழுதுகளைத்தான் யாரோ ஒரு புண்ணியவான் பட்டியல் போட்டிருந்தான்.

மேல்கண்ணாடியில் இடது மூலை விரிசல் என்றால் கல்லீரல். பட்டாணி அளவு காற்றுக் குமிழ் என்றால் சிறுநீரகம். ஓரத்தில் பசை மஞ்சளாகிக் கிடந்தால் மண்ணீரல். உள்ளே ஒரு எறும்புக் கால் மாட்டியிருந்தால் நுரையீரல். அதற்கு நேரே எழுத வேண்டிய இரண்டு காரணங்களும் தயாராக இருந்தன.

நாச்சிமுத்து நாலே நாளில் மனப்பாடம் செய்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பதற்கு முன்னாலேயே எழுதத் தொடங்கிவிடுவார். துறைக்குள் வைத்த மாதிரித் தேர்வில் இருபதுக்கு இருபது வாங்கினார். சாரதாமணிக்கு போன் போட்டுச் சொன்னார். அவள் அந்தப் பக்கம் அழுதாள்.

மறுநாள் மேடம் விடைத்தாளைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சந்தோஷமா?"

"ரொம்பச் சந்தோஷம்ங்க."

"சாயங்காலம் லேபுக்கு வாங்க. பழைய ஸ்லைடுக்கெல்லாம் மேல்கண்ணாடி மாத்தணும். உங்களுக்குக் கை பதம் உண்டு, உடைக்க மாட்டீங்க."

எண்பது பேரில் தன்னைக் கூப்பிட்டுக் கொடுத்தாரே என்று நாச்சிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் பொறுமை வேண்டும். ஸ்லைடைச் சைலீன் என்கிற திரவத்தில் ஊறப் போட்டால் பழைய பசை கரைந்து மேல்கண்ணாடி தானாக நழுவி வரும். திசுவில் கை படாமல் பழைய பசையைக் கழுவ வேண்டும். புதுப் பசை ஒரு சொட்டு. புதுக் கண்ணாடியைச் சாய்வாக இறக்க வேண்டும், குமிழ் விழாமல். சைலீன் வாடையில் தலை கனத்தது. நாச்சிமுத்து அதைப் பொருட்படுத்தவில்லை. செய்து முடித்த ஸ்லைடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். கண்ணாடி என்றால் அப்படி ஒரு கண்ணாடி. துல்லியமாக, மாசு மருவில்லாமல் இருந்தன.

ஆறாம் நாள் சாயங்காலம் ஒரு ஸ்லைடைத் திரவத்திலிருந்து எடுத்தார். எறும்புக் கால் கழன்று மேலே மிதந்தது.

நாச்சிமுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் முடித்து வைத்திருந்த வரிசையைப் பார்த்தார். விரிசல் எங்கே, குமிழ் எங்கே, மஞ்சள் ஓரம் எங்கே?

முப்பத்தொரு ஸ்லைடு முடிந்திருந்தது. மிச்சம் ஒன்பது ஊறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து அந்த ஒன்பதையும் குமிழ் விழாமல் முடித்தார். அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிற கை இல்லை அது.

மேடம் பழைய லேபிளை எல்லாம் உரித்துவிட்டுப் புது எண் போட்டு, வரிசையையும் மாற்றி வைத்தார்.

செய்தி விடுதிக்குப் போனது. யார் செய்த வேலை என்பதும் சேர்ந்தே போனது. அன்றைக்கு மெஸ்ஸில் நாச்சிமுத்து பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. அண்ணா என்று கூப்பிட்டவர்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

*

தேர்வுக்கு இருபத்தாறு நாள். நாச்சிமுத்து நேரே மேடத்தின் அறைக்குப் போனார். அவருக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் குரல் இறங்கிவிடும்.

"என் கையை வச்சே என் கண்ணைக் குத்திட்டீங்க மேடம்."

ஹெப்சிபா பேனாவை மூடி வைத்தார். நாற்காலியைக் காட்டினார். நாச்சிமுத்து உட்காரவில்லை.

"நாச்சிமுத்து, எனக்குச் சினை பார்க்கக் கத்துத் தருவீங்களா?"

கிண்டல் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். டாக்டர் பட்டம் வாங்கினவர், மேற்கொண்டும் படித்தவர், இவரிடம் சினை பார்க்கக் கேட்கிறாரா? முகத்தைப் பார்த்தால் கிண்டல் இல்லை.

"காலையில ஆறு மணிக்குக் கொட்டிலுக்கு வரேன்," என்றார் மேடம்.

வந்தார். புடவை இல்லை, பேன்ட் சட்டை, ரப்பர் பூட்ஸ். கல்லூரிப் பண்ணையில் நாற்பது கறவைகள் இருந்தன. நாச்சிமுத்து சாதுவான ஒன்றாகப் பார்த்து நிறுத்தினார். மேடம் உறை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டார். மாடு முக்கியது. சாணி முழங்கைவரை வழிந்தது. ஐந்து நிமிஷம் துழாவிவிட்டுக் கையை எடுத்தார்.

"எல்லாம் ஒரே மெத்துமெத்துன்னு இருக்கு. ஒண்ணும் தெரியலை."

நாச்சிமுத்துவுக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் நாளும் அதே கதை. மேடம் கருப்பை எங்கே, கருப்பை எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தார். நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. எதிரில் இருப்பது மேடம் என்பதை மறந்து அதட்டிவிட்டார்.

"பேரைத் தேடாதீங்க. கையில என்ன படுதோ அதைச் சொல்லுங்க."

"எலும்பு."

"சரி. அதுக்கு இந்தப் பக்கம்?"

"ஒரு குழாய் மாதிரி."

"தடிப்பா, மெலிசா?"

"தடிப்பு."

"அசையுதா, நிக்குதா? உள்ளே கெட்டியா, தண்ணியா? அவசரப்படாதீங்க. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

மூன்றாம் நாள், நாலாம் நாள். மாடு மாற்றி மாடு. மேடம் வலது கை வலிக்கிறது என்று இடது கையை விட்டார். அது கூடாது என்று நாச்சிமுத்து மறுபடி அதட்டினார், ஒரு கை பழகட்டும் என்றார். மேடம் மறுபேச்சுப் பேசாமல் கையை மாற்றினார். இப்படி ஒரு மாணவி கிடைத்தால் யாரும் கற்றுக்கொடுப்பார்கள் என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. கோபம் எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் மேடம் கையை உள்ளே விட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். கண் கொட்டில் கூரைக்குப் போனது. அந்தப் பார்வை நாச்சிமுத்துவுக்குத் தெரியும்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இல்லை," என்றார் மேடம் மெதுவாக. "வலது பக்கம் பெருசு. சுவர் மெலிசா இருக்கு. உள்ளே தண்ணி. விரலுக்கு நடுவுல ஏதோ ஒரு சவ்வு நழுவுது."

"ரெண்டு மாசம்ங்க மேடம்," என்றார் நாச்சிமுத்து. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

குழாயடியில் கை கழுவும்போது மேடம் சொன்னார்.

"படிக்கும்போது இதுல நான் முழு மார்க்கு."

"பின்னே?"

"கொட்டில்ல ஒரு பலகை மாட்டியிருப்பாங்க. எந்த மாடு எத்தனை மாசம்னு சாக்பீஸ்ல எழுதியிருக்கும். உள்ளே வரும்போதே படிச்சுட்டு வந்துடுவோம். மாட்டுக்குப் பின்னாடி நின்னு யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நிப்போம்."

நாச்சிமுத்து குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டார்.

"அந்தப் பலகையை யாரும் அழிக்கலை," என்றார் மேடம். சோப்பை எடுத்துக் கொடுத்தார்.

*

அன்று சாயங்காலம் நாச்சிமுத்து பெட்டியிலிருந்து கைக்கு வந்த ஒரு ஸ்லைடை எடுத்து வைத்தார்.

பேரைத் தேடவில்லை. ஓரத்திலிருந்து தொடங்கினார். தடிப்பா, மெலிசா? ஒரு வரிசையா, அடுக்கா? நெட்டையா, தட்டையா? நடுவில் காலியா, நிறைந்திருக்கிறதா? ஒவ்வொன்றாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாய்விட்டே சொன்னார். லேபில் வேறு யாரும் இல்லை.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ரோஸ் பிரிந்தது. ஒரு ரோஸ் தசை, இன்னொரு ரோஸ் நார். இரண்டும் ஒரே ரோஸ் இல்லை. உள்வரிசையில் நெட்டை நெட்டையாகச் செல்கள், அவற்றின் தலையில் பொடிப் பொடியாக மயிர். மூச்சுக்குழாய் என்று அவர் சொல்லவே இல்லை. தூசியைக் கூட்டித் தள்ளுகிற இடம்போல் இருக்கிறதே என்றுதான் நினைத்தார். நினைத்த பிறகு பேர் தானாக வந்து நின்றது.

கண்ணை எடுத்தார். எத்தனை மாட்டுக்கு மூச்சிரைப்பு என்று கழுத்தைத் தடவிக் கொடுத்திருக்கிறார். உள்ளே இவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அவரை லேபிலிருந்து கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

ஒரு நாள் ஒரு சந்தேகம் கேட்டார். ஒரே குழாய்தான், இங்கே வட்டமாக இருக்கிறது, அங்கே நீளமாக இருக்கிறது, இன்னொரு இடத்தில் முட்டை மாதிரி இருக்கிறது, எது சரி? மேடம் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். குழம்பிலிருந்து மூன்று வெண்டைக்காயை எடுத்து மூடியில் வைத்தார். ஒன்றைக் குறுக்கே வெட்டினார், ஒன்றை நெடுக, ஒன்றைச் சாய்த்து. வெட்டிவிட்டு அவர் பக்கம் தள்ளினார்.

நாச்சிமுத்து பார்த்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

கடைசி வாரம் கருவியல். மேடம் பண்ணையிலிருந்து சேவல் சேர்ந்த முட்டைகளை வாங்கி, குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வைத்திருந்தார். நாற்பத்தெட்டு மணி நேரமான ஒன்றை எடுத்து, ஓட்டில் ரூபாய்க் காசு அளவுக்கு ஜன்னல் வெட்டினார். லென்ஸை நாச்சிமுத்துவிடம் கொடுத்தார்.

மஞ்சள் கருவின் மேல் விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கொக்கி. நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. அது துடித்துக்கொண்டிருந்தது.

"கோழியே இன்னும் வரலை," என்றார் நாச்சிமுத்து. "கண்ணு இல்லை, காலு இல்லை. இது அடிக்குதுங்களே மேடம். யாரு அடிச்சுவிட்டது?"

"நானும் ஆறு வருஷமா பார்த்துட்டு இருக்கேன்," என்றார் ஹெப்சிபா. "தெரியலை."

லென்ஸை வாங்கி அவரும் பார்த்தார். முட்டை ஆறிப்போகும் என்று ஞாபகம் வந்து, ஜன்னலை டேப் ஒட்டி மூடி, திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

*

தேர்வு நாள் வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் டாக்டர் கோதண்டம். பேரைக் கேட்டாலே பிள்ளைகளுக்குப் பயம். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அவர் தன் சொந்த ஸ்லைடுப் பெட்டியோடுதான் போவார். எல்லாம் அவரே வெட்டி, அவரே சாயம் ஏற்றி, அவரே லேபிள் எழுதியவை.

பட்டியல் பழையபடி இருந்திருந்தாலும் அன்றைக்கு எவனுக்கும் உதவியிருக்காது. மெஸ்ஸில் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அப்போதுதான் அதைப் புரிந்துகொண்டார்கள்.

நாச்சிமுத்துவின் சங்கடம் வேறு. இப்போது அவருக்குத் தெரிகிறது, ஆனால் நேரம் எடுக்கிறது. ஓரத்திலிருந்து நிதானமாகத் தொடங்கி உள்ளே வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. இருபதில் பதினொன்றுதான் எழுத முடிந்தது. ஒன்பது இடம் வெறும் தாளாக இருந்தது. அது போதாது. இனி வாய்மொழித் தேர்வுதான் தூக்கிவிட வேண்டும். அதிலும் தவறினால் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான்.

வாய்மொழித் தேர்வில் கோதண்டம் ஒரு பக்கம், கல்லூரி சார்பில் ஹெப்சிபா ஒரு பக்கம். சொந்த மாணவர் பதில் சொல்லும்போது கல்லூரிக்காரர் வாயைத் திறக்கக் கூடாது. ஹெப்சிபா பேனாவை மூடியபடி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோதண்டம் விடைத்தாளைப் புரட்டினார். வெற்றிடங்களைப் பார்த்தார். நாச்சிமுத்துவின் நரைத்த கிருதாவையும் பார்த்தார். மனிதர் கடுமையே தவிர, கெட்டவர் இல்லை. சுலபமானதாகப் பார்த்து ஒரு ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

நாச்சிமுத்து குனிந்தார். நிமிரவே இல்லை. கோதண்டம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கருப்பைங்க சார்," என்றார் நாச்சிமுத்து கடைசியில். "பசுவோடது." ஏன் என்பதற்குக் காரணங்களையும் சொன்னார். தசை எத்தனை அடுக்கு, சுரப்பிகள் எப்படி வளைந்து போகின்றன, கன்றின் கொடி பிடிக்கிற மேடு எங்கே என்று ஒன்று விடாமல் சொன்னார்.

கோதண்டத்துக்குத் திருப்தி. குறிப்பேட்டில் எழுதினார். இன்னும் ஒரு கேள்வி. அதைச் சொல்லிவிட்டால் பாஸ்.

"சினையா, வெறும் மாடா?"

"சினைங்க சார்."

கோதண்டத்தின் பேனா நின்றது. ஸ்லைடை மெல்ல நகர்த்தி லேபிளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். பசு, கருப்பை, சினையற்றது. அவருடைய கையெழுத்துதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய மை.

ஸ்லைடைப் பழைய இடத்தில் வைத்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை பாருங்க. அவசரமில்லை. நல்லாப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். நாச்சிமுத்துவுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். இரண்டே இரண்டு பதில் இருக்கிற கேள்வியில் ஒன்று தப்பு என்று தேர்வாளரே சொல்லிவிட்டார். சாரதாமணியின் முகம் கண்ணுக்குள் வந்தது. அண்ணன் வீட்டு விசேஷமும் வந்தது. ஹெப்சிபா மேடம் தலையைத் தூக்கவில்லை.

நாச்சிமுத்து மறுபடி குனிந்தார். முதலில் பார்த்தது அங்கேயே இருந்தது.

"சினைதாங்க சார்."

"லேபிளை எழுதினவன் நான்."

"தெரியுதுங்க சார்."

"அப்புறம்?"

"உள்சுவரை ஒட்டி மெலிசா ஒரு வரிசை படுத்திருக்குங்க. அது சுவரோட பிறந்தது இல்லீங்க. வேற எங்கிருந்தோ வந்து படுத்தது, கருவோட சவ்வா இருக்கணும். அதுல சில செல்லுக்கு ரெண்டு ரெண்டு உட்கரு இருக்கு. இந்தச் சுவர்ல வேற எங்கேயும் அப்படி இல்லீங்க."

கோதண்டம் பேனாவை வைத்தார். எழுந்து இந்தப் பக்கம் வந்தார். நாச்சிமுத்து நாற்காலியை விட்டு விலகி நின்றார். கோதண்டம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தார்.

எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. வெளியே காத்திருந்த பிள்ளைகள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்கள். கோதண்டத்தின் விரல் மைக்ராஸ்கோப்பின் திருகை முடி அளவு முன்னால் திருப்பியது, பின்னால் திருப்பியது, மறுபடி முன்னால் திருப்பியது. இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ கல்லூரியில் எத்தனையோ பிள்ளைகள் அந்த ஸ்லைடைப் பார்த்திருக்கிறார்கள். வெறும் மாடு என்று சொன்னவர்களுக்கெல்லாம் அவர் மார்க் போட்டிருக்கிறார்.

ஹெப்சிபா இப்போது தலையைத் தூக்கியிருந்தார்.

கோதண்டம் நிமிரவில்லை. கண்ணை வைத்தபடியே கேட்டார்.

"எத்தனை நாள் இருக்கும்?"

நாச்சிமுத்துவின் மனசு இங்கே இல்லை, தாராபுரம் பக்கத்துக் கொட்டில்களில் ஒவ்வொன்றாக நுழைந்து நுழைந்து வந்துகொண்டிருந்தது.

"நாள் சொல்லத் தெரியலீங்க சார்," என்றார். "கையில படுற அளவுக்கு இன்னும் வளரலீங்க. என் கை இதை நிக்கலைன்னு சொல்லியிருக்கும்."